குளக்கரையில் விளையாட்டுத் திடலும் நடைபாதையும்: எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கரைச்சிவாசி:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி நகருக்கு அண்மையில், சிறு குளமொன்றின் ஓரமாக உள்ள ஏறத்தாழப் பன்னிரண்டு ஏக்கர் அரச காணியில் பூங்கா, விளையாட்டுத் திடல், நடைபாதை ஆகிய மூன்றையும் சேர்த்து அமைப்பது பற்றி எங்கள் விளையாட்டுக் கழகத்திடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் நடப்பவர்களுக்கு இப்போது ஏ-9 வீதியின் ஓரத்தை விட்டால் வேறு இடமில்லை. கடந்த மாதம் ஒரு பாரவூர்தி என் அம்மாவின் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனதிலிருந்து அவர் நடக்கப் போவதையே விட்டுவிட்டார். கழகத்தில் சிலர் 400 மீற்றர் ஓட்டப்பாதை, உதைபந்தாட்டத் திடல், அணைக்கட்டின் மேல் கல் பதித்த நடைபாதை, அதன் இருபுறமும் நிழல்மரங்கள் என எல்லாவற்றையும் வரைந்துவிட்டார்கள். இது சரிவருமா?

மருதடி:

தம்பி, குளத்து வேலைகளில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அணைக்கட்டைத் தொடாதீர்கள். அது மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கிக் கட்டியது. அதன் மேல் பெருமரம் நட்டால், மரம் பட்டுப்போய் வேர் உக்கிய வழியால் ஒரு மாரியில் தண்ணீர் கசியத் தொடங்கும். கசிவு பெருத்தால் கட்டு உடைக்கும். நிழல்மரத்தைக் கட்டுக்கு வெளியே, காணிப் பக்கம் நடுங்கள். ஈரம் நிற்கும் இடத்துக்கு மருது, மேட்டுக்கு வேம்பும் பாலையும் பொருந்தும். பாலை மெதுவாக வளரும் என்றாலும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு அசையாது.

80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் குளமென்றால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலிருக்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குப் பொருந்தும். ஆகவே வரைபடத்தைப் பிரதேச சபைக்குக் கொண்டுபோகும் முன் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் வையுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுப் பெருங்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தின்போது இந்தக் காணியில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அங்கே வயல் செய்யும் மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கேட்டு, அவர் காட்டும் இடமெல்லாம் தடி நட்டு அடையாளமிடுங்கள். அந்தத் தடிகளுக்குக் கீழே புல்லும் கிரவல் நடைபாதையும் மட்டும் இருக்கட்டும். கட்டடமும் ஆடுகளமும் மேலே வரட்டும். பள்ளத்தை மண் போட்டு நிரப்பினால் அந்தத் தண்ணீர் அயல் வளவுக்குள்தான் போகும்.

எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீற்றர் ஓட்டப்பாதைக்கு ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் தேவை. அதுவே நான்கு ஏக்கர். உதைபந்தாட்டத்தை அதற்குள்ளேயே அடக்கிவிடலாம், தனித் திடல் வேண்டாம். நீள்பக்கம் வடக்குத் தெற்காக இருந்தால் மாலை வெயில் கண்ணில் அடிக்காது. இன்னொன்று, மிதிவெடி அகற்றிக் கையளித்த பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் குறித்த எல்லைக்கு அப்பால் பற்றைக்குள் பாதை வெட்ட வேண்டாம்.

வவுனியா ஆசிரியை:

வலைப்பந்தாட்டத்துக்கு 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர் போதும். ஆனால் அதைக் காணியின் பின்மூலையில் தள்ளிவிடாதீர்கள். நான் பயிற்றும் பிள்ளைகளின் திடலுக்குப் போகும் வழியில் ஆளுயரப் பற்றை இருக்கிறது, வெளிச்சம் இல்லை. ஐந்தரை மணியானதும் ஒவ்வொருத்தியாகச் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிடுவார்கள், ஆட்டம் பாதியில் நின்றுவிடும். வாசலுக்குப் பக்கத்தில், வீதியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் ஆடுகளமும், தண்ணீர் வரும் மலசலகூடமும், விளக்கும் இருந்தால் உங்கள் அம்மாவும் வருவார், என் மாணவிகளும் வருவார்கள்.

புதுக்குடியிருப்பான்:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள ஹை பார்க் 161 ஹெக்டேயர் பரப்புள்ளது. நீச்சல் தடாகம், ரென்னிஸ் ஆடுகளங்கள், பனிச்சறுக்குத் திடல் எல்லாம் இருந்தும், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இயற்கையாகவே விட்டிருக்கிறார்கள். அந்த ஓக் மரக்காட்டுக்குள் மண் பாதையில் நடக்கும்போது எனக்கு ஒட்டுசுட்டான் காட்டோரம்தான் நினைவுக்கு வரும். ஜோன் ஹோவாட் என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய மனைவியும் 1873இல் தங்கள் 165 ஏக்கரை, மக்களுக்கான பூங்காவாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதி நகரத்துக்குக் கொடுத்தார்கள். 1876இல் பூங்கா திறக்கப்பட்டது. ஆகவே தம்பி, ஓட்டப்பாதைக்கு எத்தனை தடம் என்று பேசும் முன், அந்தப் பன்னிரண்டு ஏக்கரும் பொதுப் பூங்காவுக்கென்று எழுத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளை அதன் முகப்பில் கடைத்தொகுதி எழும்பும்.

கரைச்சிவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கல் பதித்த பாதையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஞாயிறு காலை கமக்காரர் இருவரோடு தடி நடப் போகிறோம். கட்டாக்காலி மாடுகளுக்கு என்ன செய்வது, மருதடி ஐயா? சுற்றிவர முட்கம்பி அடிக்கலாமா?

மருதடி:

முட்கம்பி வேண்டாம், பிள்ளைகள் ஓடும் இடம். கிளுவைக் கதியால் நட்டு உயிர்வேலி போடுங்கள், ஆட்கள் நுழையக் கடவை வையுங்கள். மாடுகள் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் பழைய வழி ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். ஞாயிறு அதையும் பார்த்து, அதை வேலிக்கு வெளியே விட்டுவிடுங்கள்.