காயா தரவை விஆர் ஹெட்செட்டில் பார்ப்பதால் பயன் உண்டா?

இரவுவானம்:
எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். நண்பன் தன் விஆர் (மெய்நிகர்க் காட்சி) ஹெட்செட்டை இரண்டு வாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த காயா விண்கலத்தின் மூன்றாவது தரவு வெளியீட்டில் (2022) கிட்டத்தட்ட 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன. அதை ஹெட்செட்டில் பார்த்தால் கணினித் திரையில் தெரியாதது ஏதாவது தெரியுமா, இல்லை வேடிக்கை பார்ப்பதோடு சரியா?

மொட்டைமாடி:
கண்டிப்பாகத் தெரியும். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உருவான காயா ஸ்கை மென்பொருள் இலவசம், விஆரிலும் ஓடும். பெரிய தொகுப்பெல்லாம் வேண்டாம், தொலைவு நன்றாகத் தெரிந்த விண்மீன்கள் மட்டும் உள்ள சிறிய தொகுப்பை இறக்குங்கள். முதலில் ரோகிணிக்குப் போங்கள். மாடியில் நின்று பார்க்கும்போது கவட்டை மாதிரித் தெரியும் அந்தக் கூட்டத்தில் ரோகிணியும் ஒன்று என்றுதான் தோன்றும், ஆனால் விஆரில் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்ததும் ரோகிணி மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் வந்து நிற்கும். அது 65 ஒளியாண்டு, கூட்டமோ சுமார் 150. எத்தனையோ முறை படித்த எண்கள்தான், எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அலைவரிசை:
பாருங்கள், ஆனால் ஒன்றில் கவனம். விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும், எவ்வளவு தொலைவில் என்பதில்தான் பிழை, அதுவும் தொலைவு கூடக்கூடப் பெருகும். அதனால் உருண்டையாக இருக்க வேண்டிய விண்மீன் கொத்து சூரியனை நோக்கி நீட்டிய விரல் போலத் தெரியும். கண்ணெதிரே அவ்வளவு தத்ரூபமாக நிற்பதால் அதை நிஜ வடிவம் என்று நம்பிவிடுவோம்.

ஆய்வுக்கே பயன்படுகிற கருவி வேண்டுமென்றால் ஐடாவி (iDaVIE) என்ற விஆர் மென்பொருள் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மீர்காட் (64 ஆன்டெனாக்கள்) போன்ற ரேடியோ தொலைநோக்கிகளின் ஹைட்ரஜன் தரவுக்குள்ளே நுழைந்து, இரைச்சலில் மறைந்து கிடக்கும் மங்கலான வாயு வாலைக் கையாலேயே குறிக்கலாம். அதில் மூன்றாவது அச்சு தொலைவு இல்லை, வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம். இதை மறக்கவே கூடாது.

இரவுவானம்:
நேற்று ரோகிணியைப் பார்த்தேன், அப்படியே பிரிந்து வந்தது! அம்மாவையும் உட்காரவைத்துக் காட்டினேன், கையை நீட்டித் தொடப் பார்த்தார். ஒரு சந்தேகம்: ரோகிணியின் விவரத்தில் ஹிப்பார்கஸ் (காயாவுக்கு முந்தைய விண்கலம்) பட்டியல் எண்தான் வருகிறது, காயா எண்ணைக் காணோமே?

மொட்டைமாடி:
ரோகிணி, திருவாதிரை எல்லாம் காயாவுக்கு மிஞ்சிய வெளிச்சம், அதன் கேமரா தாங்காது, சரியாக அளக்க முடியாது. அவற்றுக்கு 1989 முதல் 1993 வரை ஹிப்பார்கஸ் அளந்ததைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.