நியூட்டனை ஐன்ஸ்டைன் இடித்தாரா, அவர் மேலேயே கட்டினாரா?

மலர் டீச்சர்:
போன வாரம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழகாக சார்ட் வரைந்திருந்தாள். இடப்பக்கம் நியூட்டன் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. வலப்பக்கம் ஐன்ஸ்டைன், பச்சை டிக். நடுவில் புதன் கோள். "புதனின் பாதையை நியூட்டனால் விளக்க முடியவில்லை. அதனால் அவர் விதி தப்பு" என்றாள். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் என்னை உறுத்துகிறது. அறிவியலில் புதியது பழையதை அடித்துவிட்டு வருவதில்லை, அதன் மேல் நின்றுதான் வருகிறது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நிலவன்:
எனக்கு இருக்கிறது டீச்சர். அந்தப் பெண் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்றே நினைக்கிறேன். நியூட்டனுக்கு ஈர்ப்பு ஒரு விசை. எவ்வளவு தூரமானாலும் நேரமே எடுக்காமல் போய்ச் சேரும் விசை. ஐன்ஸ்டைனிடம் அப்படி ஒரு விசையே கிடையாது, காலமும் வெளியும் ஒன்றாய்ச் சேர்ந்த, வளைந்த காலவெளிதான். மாடி கட்டுவதென்றால் கீழ்வீடு அப்படியே நிற்க வேண்டும். இங்கே அஸ்திவாரத்தையே தோண்டிவிட்டார்கள்.

பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வல்கன் கதை ஒன்று போதும். யுரேனஸ் கணக்குப்படி நகராதபோது, வெளியே ஒரு கோள் இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 அன்று அவர் கடிதம் பெர்லின் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று இரவே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. 1859-இல் புதனும் கணக்குக்கு அடங்கவில்லை. அதே மருந்தைக் கொடுத்தார்: உள்ளே இன்னொரு கோள் இருக்கிறது. லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைப் பார்த்தேன் என்றார். லெவெரியே நேரில் போய் விசாரித்து நம்பிவிட்டார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. இல்லாத கோளை எத்தனை வருடம் தேடினார்கள்!

மலர் டீச்சர்:
விசை போய் வளைவு வந்தது என்பதில் எனக்குச் சண்டை இல்லை, நிலவன். ஆனால் ஐன்ஸ்டைன் விளக்கியது எதை? நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. இந்த 43 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

புதனின் நீள்வட்டப் பாதையில் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பூமியிலிருந்து அளந்தால் நூற்றாண்டுக்குச் சுமார் 5600 வில்விநாடி. அதில் 5025 புதன் செய்வதே இல்லை. நம் பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால் வரும் தோற்றம் அது. இந்தத் தலையாட்டலால் சமஇரவுப் புள்ளிகள் (பகலும் இரவும் சமமாகும் நாளில் வானில் சூரியன் இருக்கும் இடங்கள்) நகர்வதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கழித்தால் 575. அதில் சுமார் 532 மற்ற கோள்கள் இழுப்பதால் வருவது: வெள்ளி 277, வியாழன் 153, பூமி 90, மற்றவை சில்லறை. இதெல்லாம் நியூட்டன் விதியை வைத்துக் கையால் போட்ட கணக்கு. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் 43. அந்த 5600-இல் ஒரு சதவீதம் பிசகியிருந்தால்கூட அதுவே 56. நம் 43 அதற்குள் மூழ்கிப் போயிருக்கும்.

நியூட்டன் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் அது எங்கே போதவில்லை என்று தெரிந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைப் போடுவதற்கே நியூட்டன் வேண்டும்.

அரும்பு:
இடையில் ஒரு சந்தேகம். இவ்வளவு நுண்ணிய கோணத்தை 19-ஆம் நூற்றாண்டில் எப்படி அளந்தார்கள்? 25 மி.மீ. நாணயத்தை 5 கி.மீ. தள்ளி வைத்தால் தெரியும் அளவுதானே ஒரு வில்விநாடி?

மலர் டீச்சர்:
நல்ல கேள்வி அரும்பு. புதன் சூரியனைக் குறுக்கே கடக்கும் நேரத்தை வைத்துத்தான். 2016 மே 9 அன்று மாலை எங்கள் பள்ளி மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியால் சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்தோம். ஐந்து மணி வாக்கில், விளிம்புக்குச் சற்று உள்ளே, பேனா முனையால் தொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் புள்ளி. அட்டையில் தூசி என்று ஒரு பையன் ஊதிப் பார்த்தான். போகவில்லை! சூரியன் மறையும்வரை அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

புதன் விளிம்பைத் தொடும் கணத்தைக் கடிகாரத்தில் குறித்தால் அது எங்கே இருந்தது என்று மிகத் துல்லியமாகத் தெரியும். 1697-லிருந்து 1848 வரை பலர் குறித்து வைத்த கடப்பு நேரங்களைத்தான் லெவெரியே எடுத்துக்கொண்டார். 1697-இல் குறித்தவருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

நிலவன்:
அளவீடுகள் சேர்ந்துகொண்டே போகின்றன, ஒப்புக்கொள்கிறேன். 43-க்கான கணக்கும் நீங்கள் சொன்ன விதத்தில் நான் யோசித்ததில்லை. ஆனால் எண்கள் சேர்வது வேறு, கருத்து பிறப்பது வேறு. அதே 43-ஐ வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1894-இல் அமெரிக்க வானியலாளர் ஆசாப் ஹால், நியூட்டன் விதியில் தூரத்தின் இருமடிக்குப் பதில் 2.00000016 மடி என்று மாற்றிப் பார்த்தார். பழைய சட்டைக்கு ஒட்டுப் போடுகிற வேலைதானே இது? தரவு எல்லோரிடமும் இருந்தது. வேறு விதமாகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் விழுகிறது என்பது கலிலியோ காலத்திலிருந்தே தெரியும். அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, விழுகிறவனுக்குத் தன் எடையே தெரியாதே என்று 1907-இல் யோசித்தது ஐன்ஸ்டைன்தான்.

அப்புறம், பழைய தரவுக்கும் எப்போதும் மரியாதை கிடைத்துவிடவில்லை. 1781-இல் ஹெர்ஷல் கண்டுபிடிப்பதற்கு முன்பே யுரேனஸைப் பலர் விண்மீன் என்று நினைத்துக் குறித்திருந்தார்கள். ஃபிளாம்ஸ்டீட் 1690-லேயே. 1821-இல் யுரேனஸின் நகர்வுக்கு அட்டவணை போட்ட வானியலாளர் பூவார், தன் கணக்கோடு ஒத்துவராததால் அந்தப் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிட்டார். கோட்பாட்டின் மேல் அத்தனை நம்பிக்கை.

மலர் டீச்சர்:
பூவார் ஒதுக்கியதை லெவெரியே திரும்ப எடுத்து வைத்துத்தானே நெப்டியூனுக்கு வழி போட்டார்? ஒருவர் தூக்கிப் போட்டாலும் ஏட்டில் இருந்தது.

கருத்துக்கே வருகிறேன். ஐன்ஸ்டைன் தனியாக உட்கார்ந்து யோசித்தது மட்டும் போதவில்லை. வளைந்த வெளியின் வடிவியலைக் கணித மேதை ரீமான் 1854-லேயே பேசிவிட்டார். ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் அதற்கான கணித முறையைச் செய்து வைத்திருந்தார்கள். அந்தக் கணிதத்தை ஐன்ஸ்டைனுக்கு நண்பர் கிராஸ்மன் காட்டிக்கொடுத்தார். இவ்வளவும் இருந்தும் 1913-இல் இன்னொரு நண்பர் பெஸ்ஸோவோடு சேர்ந்து புதனுக்குக் கணக்குப் போட்டால் வந்தது 18. தேறவில்லை! 1915 நவம்பரில் சமன்பாடுகளைத் திருத்திய பிறகுதான் 43 வந்தது. நெஞ்சு படபடத்ததாக அவரே நண்பரிடம் சொல்லியிருக்கிறார். ஏன் படபடக்க வேண்டும்? அந்த எண் அவருடையது இல்லை. லெவெரியே 38 என்று கண்டு, வானியலாளர் நியூகோம் 1882-இல் 43 என்று திருத்தி வைத்த எண்.

இன்னொன்று. ஈர்ப்பு வலுக்குறைந்த இடத்தில் தன் சமன்பாடு நியூட்டன் விதியாகவே மாற வேண்டும் என்று அவரே நிபந்தனை வைத்தார். சமன்பாட்டில் வரும் மாறிலியின் மதிப்பு முடிவானது அப்படித்தான். நீங்கள் தோண்டி எடுத்ததாகச் சொல்கிற அஸ்திவாரம் உள்ளேயேதான் இருக்கிறது, நிலவன்.

நிலவன்:
கணக்கு உள்ளே இருக்கிறது டீச்சர், அர்த்தம் இல்லை. விசை என்ற எண்ணத்தை விட்டுக்கொடுக்காமல் அந்த 43 வந்திருக்காது. அதில் நான் மாறமாட்டேன். ஆனால் சிவப்புக் கோடு தப்பு, அதை எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 5025, 532, 43 என்று மூன்று எண்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். 43-க்கு மட்டும் வேறு நிறம்.

மலர் டீச்சர்:
வேறு நிறம் சரி. திங்கட்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன். 2032 நவம்பர் 13 அன்று பகலில் புதன் மறுபடி சூரியனைக் கடக்கிறது, நம் ஊரிலிருந்து முழுவதும் தெரியும். அந்தத் தேதியையும் சார்ட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.