கண்ணைப் பார்த்துப் பேசப் பயிற்சி எதற்கு? பெரியவர்களுக்கான ஆட்டிசம், ஏடிஹெச்டி தெரபி பற்றி

மயிலை_மீனா:
எனக்கு வயது 36. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் ஆட்டிசம் என்று உறுதியானது, கூடவே ஏடிஹெச்டியும் (கவனத்தை ஒருமுகப்படுத்துவதும் நிதானமாக இருப்பதும் கடினமாகும் நிலை). முதலில் போன தெரபிஸ்ட் பதினோரு அமர்வு எடுத்தார். பாதி நேரம் கண்ணைப் பார்த்துப் பேசும் பயிற்சிதான். எதிரில் இருப்பவரின் புருவங்களுக்கு நடுவில் பார்க்க வேண்டும், மனதுக்குள் நான்கு வரை எண்ண வேண்டும், பிறகு பார்வையை விலக்க வேண்டும். ஒழுங்காக எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் என்ன சொன்னார் என்பது போயிருக்கும்.

இப்போது போகிறவர் முதல் நாளே டியூப்லைட்டை அணைத்துவிட்டு மூலையில் இருந்த சின்ன விளக்கைப் போட்டார். "எங்கே வேண்டுமானாலும் பாருங்கள்" என்றார். காலையில் எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று துருவித் துருவிக் கேட்டதில், அது மிக்ஸி சத்தத்தால் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. இதற்கு நியூரோ அஃபர்மிங் தெரபி என்று பெயர். நம் மூளை வேலை செய்யும் விதத்தைத் திருத்தப் பார்க்காமல், அதை ஏற்றுக்கொண்டு வாழ்க்கையைச் சீராக்கும் முறை. என் மாமியார், "காசு கொடுத்து, நீ இப்படியே இருக்கலாம்னு சொல்லக் கேட்டுட்டு வர்றியே" என்கிறார். அவர் மேல் கோபம் இல்லை. அந்தச் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ரவி:
உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி அம்மா. என் மகனுக்கு 26 வயது. நான்கு வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏபிஏ என்ற பயிற்சியில் சேர்த்தோம். ஒவ்வொரு செயலையும் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, செய்தால் பரிசு கொடுத்துப் பழக்குவார்கள். 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்கு ஏழு மாதம் ஆனது. அவன் அதைச் சொன்ன அன்றைக்கு என் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், கொடுக்கத் தோன்றவில்லை. இன்று பி.காம். முடித்துவிட்டு, பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் தனியாகப் போய் வருகிறான். 'இருக்கிறபடியே இருக்கட்டும்' என்று அன்றைக்கு யாராவது சொல்லி நானும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்று இண்டர்வியூ போனான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கீழே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான், தன்னம்பிக்கை போதாது என்று அனுப்பிவிட்டார்கள். உலகம் நமக்காக டியூப்லைட்டை அணைக்காது.

துரைப்பாக்கம்_கார்த்தி:
ரவி சார் பக்கம் நான். எனக்கு ஏடிஹெச்டி. எட்டு மாதம் போன தெரபிஸ்ட் தன்னை அஃபர்மிங் என்றுதான் சொல்லிக்கொண்டார். "உங்கள் மூளை ஒரு வரம்" என்பார். அந்த எட்டு மாதத்தில் ஈபி பில் கட்ட மறந்து இரண்டு முறை கரண்டைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது முறை அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் இன்சுலின் போட்டுக்கொண்டதை மறக்க முடியவில்லை.

அப்புறம் மனநல மருத்துவரிடம் போய் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மருந்தை எடுக்க ஆரம்பித்தேன், பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென்று அமைத்த சிபிடியும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) சேர்ந்தது. போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து, எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள். மாதாமாதம் அலைகிறேன். பில் கட்டுகிறேன்.

அண்ணாநகர்_உளவியல்:
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பன்னிரண்டு வருடமாக. கார்த்தி, உங்களுக்கு நடந்தது வெறும் புகழ்ச்சி. அஃபர்மிங் முறை மருந்தைத் தடுப்பதில்லை. பில் கட்ட மறப்பது உங்களையே வருத்துகிறது, ஆகவே அதுதான் அமர்வில் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

ரவி சார், 'தண்ணி' என்ற சொல் உங்கள் மகனுக்குத் தேவை. தாகம் அவனுடையது. கண்ணைப் பார்ப்பது யாருக்குத் தேவை? எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு. நான் ஒவ்வொரு பயிற்சியிலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்றே நெடுங்காலம் பேசினோம். மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான்.

நானும் கண் பார்க்கும் பயிற்சி கொடுத்தவள்தான். ஒரு பெண் மூன்று மாதம் அருமையாகச் செய்தார். ஃபைலில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, மாலைவரை சாப்பிடாமல் படுத்துக் கிடந்திருக்கிறார். அவர் அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இப்படி இயல்பை மறைத்து நடப்பதை மாஸ்கிங் என்கிறோம். மன அழுத்தத்தோடும் தற்கொலை எண்ணத்தோடும் அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஃபைலை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

மீனா, உங்களுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதாகச் சொன்னீர்கள். 2013இல் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல டயக்னோசிஸ் கையேடு வரும்வரை ஒருவருக்கு இரண்டையும் சேர்த்து டயக்னோசிஸ் தரவே விதி இடம் கொடுக்கவில்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலர் இவ்வளவு தாமதமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரம்பூர்_ரவி:
தாகம் அவனுடையது என்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையும் அவனுக்குத்தானே தேவை? எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் அது இருக்கிறது. நாளைக்கு நானும் மனைவியும் இல்லாதபோது, மூளையின் பன்முகத்தன்மையை யாரிடம் போய் விளக்குவான்? அப்புறம், மிக்ஸி ஓடாமல் சட்னி வராது. மாமியாரும் ஒரு மனுஷிதானே.

மயிலை_மீனா:
மிக்ஸியை நிறுத்தச் சொல்லவே இல்லை சார். போடுவதற்கு முன்னால் அத்தை "மீனா, தேங்காய்!" என்று குரல் கொடுப்பார். நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நாலு நிமிஷம். முன்பெல்லாம் காலை ஏழு மணிக்கு அழுதுவிட்டு எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புவேன். இப்போது அழுவதில்லை. தெரபியைக் குறை சொல்லும் அதே அத்தைதான் ஒருநாள்கூடத் தவறாமல் குரல் கொடுக்கிறார்.

துரைப்பாக்கம்_கார்த்தி:
ரவி சார், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம் அதில் உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை, ஆகவே எனக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காது. உங்கள் மகனுக்குக் கிடைக்கும். அந்தச் சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். இண்டர்வியூ கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எங்கள் டீமில் ஒருவர் அப்படிக் கேட்டு வாங்கித்தான் சேர்ந்தார்.

பெரம்பூர்_ரவி:
சான்றிதழ் இருக்கிறது தம்பி. வருமான வரிக் கழிவுக்குத்தான் இதுவரை எடுத்திருக்கிறேன். கண் பார்க்கும் பயிற்சியை நான் நிறுத்தப் போவதில்லை, அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் வியாழக்கிழமை கிண்டியில் ஒரு இண்டர்வியூ இருக்கிறது. மெயிலில் என்ன எழுத வேண்டும்?

துரைப்பாக்கம்_கார்த்தி:
நீளமாக வேண்டாம் சார். "எழுத்தில் கேள்வியைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்கு எளிது. கேள்விகளைத் தாளில் அச்சிட்டுத் தர முடியுமா? பேசும்போது தாளைப் பார்த்துப் பேசுவேன், கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்." அவ்வளவு போதும்.

மயிலை_மீனா:
அனுப்புவதற்கு முன் உங்கள் மகனிடம் காட்டிவிடுங்கள் சார். ஆட்டிசம் என்ற வார்த்தையை அதில் போடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.