சாவ் பாவுலோ 2015: பள்ளியைக் காப்பாற்றினார்களா, சீர்திருத்தத்தைக் கெடுத்தார்களா?

நெய்தல்நிலவன்:
மாணவர் போராட்டம் என்றாலே படிப்பைக் கெடுத்துக்கொள்வது என்று பலரும் சொல்வதால், ஒரு எதிர் உதாரணம் வைக்கிறேன். பிரேசிலின் சாவ் பாவுலோ மாநிலத்தில் 2015 செப்டம்பரில் ஆளுநர் ஜெரால்டோ அல்க்மின் (அங்கே ஆளுநர் தேர்தலில் ஜெயித்து வருபவர், நம் முதல்வர் மாதிரி) பள்ளி மறுசீரமைப்பு என்று அறிவித்தார். 1 முதல் 5 வரை ஒரு பள்ளி, 6 முதல் 9 வரை ஒன்று, மேல்நிலை மூன்றாண்டுக்கு ஒன்று. இதற்காக 94 பள்ளிகள் மூடப்படும், சுமார் 3,11,000 மாணவர்கள் இடம் மாற வேண்டும். நவம்பர் 9 மாலை சாவ் பாவுலோ நகரை ஒட்டிய டியாடெமாவில் ஒரு பள்ளிக்குள் மாணவர்கள் புகுந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை நகரத்துக்குள்ளேயே ஃபெர்னாவ் டியாஸ் பள்ளி. மாதம் முடிவதற்குள் கிட்டத்தட்ட 200 பள்ளிகள். டிசம்பர் 4 அன்று அல்க்மின் திட்டத்தை நிறுத்திவைத்தார், கல்விச் செயலர் பதவி விலகினார். பிள்ளைகள் ஜெயித்தார்கள், அதுவும் நியாயமாக ஜெயித்தார்கள் என்பது என் கட்சி.

கணக்கர்:
நிலவன், பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். 1998க்குப் பிறகு அந்த மாநிலப் பள்ளிகளில் சுமார் 20 லட்சம் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். பிறப்பு குறைந்தது, தொடக்க வகுப்புகள் பல நகராட்சிகள் கைக்குப் போயின. பிள்ளை இல்லாத வகுப்பறைக்கும் கரண்ட் பில் உண்டு, வாட்ச்மேன் உண்டு, ஒழுகும் கூரை உண்டு. 5,000க்கு மேல் பள்ளிகள் உள்ள இடத்தில் 94ஐ மூடுவது கொலைக் குற்றமா? புதுப் பள்ளி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கும் என்றார்கள். காலியாகும் கட்டடம் குழந்தைகள் காப்பகம், தொழிற்கல்வி போன்ற வேலைக்குத்தான் போகும் என்றார்கள். ஒரே நிலை உள்ள பள்ளிகள் மாநிலத் தர மதிப்பீட்டில் சுமார் பத்து சதவீதம் மேலே இருப்பதையும் காட்டினார்கள். அரைகுறையான திட்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அநியாயம் என்று சொல்லாதீர்கள்.

டீச்சரம்மா:
கணக்கர் சார், 20 லட்சம் குறைந்தது உண்மைதான். அப்புறம் ஏன் மேல்நிலை வகுப்பில் 40 பேர் வரை உட்காரலாம் என்ற விதி அப்படியே இருந்தது? கூட்டம் குறைந்தால் வகுப்பை 28, 30 பேராக்கலாமே. அதே கட்டடம், அதே ஆசிரியர் போதும். இருபது வருடத்தில் ஒரு அரசுக்குக் கிடைக்கிற அருமையான வாய்ப்பு அது. அதை எடுத்துக் கட்டடத்தைக் குறைக்கப் பயன்படுத்தினார்கள்.

ஒன்றரை கிலோமீட்டர் கணக்கு இன்னும் மோசம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு அது சின்னத் தூரம். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் குடும்பத்தில் அம்மா விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவாள், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது அக்காதான். நிலைவாரியாகப் பிரித்தால் அக்கா ஒரு பக்கம், தம்பி இன்னொரு பக்கம், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். என் பள்ளியில் தாமதமாக வரும் பெண்பிள்ளைகளில் பலர் தம்பி தங்கையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருபவர்கள். அவர்களைத்தான் வெளியே நிற்க வைக்கிறோம், அது வேறு கதை.

அந்தப் பத்து சதவீதத்தை ஏபிசி கூட்டாட்சிப் பல்கலைக்கழக (அதே மாநிலத்தில் உள்ள மத்திய அரசுப் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் அப்போதே கேள்வி கேட்டார்கள். மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஒரே நிலை என்பதுதான் காரணம் என்று அந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

ராயபுரம்_ரவி:
எல்லாம் சரி. பதினாறு வயசுப் பசங்க தானாகவா இதைச் செய்தார்கள்? பின்னாடி ஆசிரியர் சங்கம், எதிர்க்கட்சி. எந்த ஊரானாலும் இதே கதைதான்.

நெய்தல்நிலவன்:
ரவி, அந்தச் சங்கம் அதே 2015ல் மார்ச் முதல் ஜூன் வரை வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. அதற்கு அவ்வளவு சக்தி இருந்தால் தனக்கே ஏதாவது வாங்கியிருக்கும். சங்கம் ஆதரித்தது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் உள்ளே முடிவு எடுத்தது மாணவர் கூட்டம்தான். சிலி, அர்ஜென்டினா மாணவர்களின் அனுபவத்தில் எழுதிய ஒரு சின்னக் கையேடு போர்த்துகீசியத்தில் கைமாறியது. சமையலுக்கு ஒரு குழு, துப்புரவுக்கு ஒன்று, கதவுக் காவலுக்கு ஒன்று, பத்திரிகைக்காரர்களிடம் பேச ஒன்று. பல பள்ளிகளில் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்தபோது பிரிக்காத புத்தகக் கட்டுகளும் ஆய்வகச் சாமான்களும் கிடந்தன. இல்லை இல்லை என்று வருடக்கணக்காகச் சொன்ன பொருள்!

சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. முதலில் காலி செய்யச் சொன்ன நீதிபதியே உத்தரவைத் திரும்பப் பெற்றார். நவம்பர் 23 அன்று மாநில உயர் நீதிமன்றமும், இவர்கள் கட்டடத்தைச் சொந்தமாக்கப் பார்க்கவில்லை, ஒரு கொள்கையை எதிர்க்கிறார்கள் என்று வெளியேற்ற மறுத்தது. அதே மாதக் கடைசியில், கல்வித்துறை உயரதிகாரி ஒருவர் தன் ஆட்களிடம் இதைப் போர் என்று சொல்லிப் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. எந்தப் பக்கம் திட்டம் போட்டு இயங்கியது என்று பாருங்கள்.

கணக்கர்:
ஒலிப்பதிவு அசிங்கம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அல்க்மின் பின்வாங்கிய அன்று வெளிவந்த டேட்டாஃபோல்யா நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 28 சதவீதம். அந்தப் பயத்தில் நிறுத்தினார், வாதத்தில் தோற்று அல்ல. அதனால்தான் 2016 தொடக்கத்தில் சத்தமில்லாமல் வகுப்புகளை மூடுகிறார்கள் என்று அதே ஆசிரியர் சங்கம் புலம்பியது. நடுவில் மாநிலத் தேர்வு பல பள்ளிகளில் நடக்கவில்லை, பாட நாட்களை ஈடுகட்ட விடுமுறையில் வகுப்பு வைக்க வேண்டியதாயிற்று. யார் பிள்ளைகள்? தனியார் பள்ளிக்குப் போக முடியாதவர்கள்.

அடுத்த வருடம் பரானா மாநிலத்தில் 800க்கு மேல் பள்ளிகளைப் பிடித்தார்கள். அவர்கள் எதிர்த்த, அரசுச் செலவுக்கு 20 வருடம் உச்சவரம்பு போடும் அரசியல் சட்டத் திருத்தம் டிசம்பரில் எப்படியும் நிறைவேறியது. குரிச்சிபாவில் ஒரு பள்ளிக்குள் ஒரு மாணவன் இன்னொரு மாணவன் கையால் செத்துப் போனான். அந்த வீட்டில் போய் வெற்றி என்று சொல்ல முடியுமா?

நெய்தல்நிலவன்:
அந்த மரணத்தை ஒதுக்கிவிட்டுப் பேச நான் தயாரில்லை. பெரியவர் இல்லாத கட்டடத்தில் இரவு தங்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பது போராட்டக்காரர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் பரானா போராட்டம் நாட்டின் நாடாளுமன்றத்தோடு மோதியது. சாவ் பாவுலோவில் கோரிக்கை ஒரே வரி: எங்கள் பள்ளியை மூடாதே. மூடவில்லை.

ராயபுரம்_ரவி:
மூடாதே என்று சொல்லத் தெரிந்தது. நல்லாக்கு என்று கேட்டார்களா?

டீச்சரம்மா:
கேட்டார்கள், ரவி தம்பி. 2016 ஏப்ரல் கடைசியில் தொழிற்கல்விப் பள்ளிப் பிள்ளைகள் மதியச் சாப்பாடு கேட்டு, அந்தப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் அலுவலகத்தைப் பிடித்தார்கள். முழு நாள் படிப்பு, கையில் பிஸ்கட் பாக்கெட். சாப்பாட்டுக் கொள்முதல் ஊழல் வேறு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மே மாதம் சட்டமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள், விசாரணைக் குழு அமைந்தது.

கணக்கர்:
அந்தக் குழுவின் இறுதி அறிக்கை அரசியல்வாதிகளைத் தொடாமல் முடிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், டீச்சர்.

டீச்சரம்மா:
சொல்கிறேன். அது சட்டமன்ற உறுப்பினர்களின் குழு, பிள்ளைகளின் குழு இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1985லிருந்து அந்த மாநிலத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மன்றம் உண்டு. சட்டப்படி அதில் 25 சதவீதம் மாணவர்கள், 25 சதவீதம் பெற்றோர். 94 பெயர்கள் மேலே இருந்துதான் வந்தன, மன்றங்களின் வாக்கெடுப்பில் வரவில்லை.

கணக்கர்:
மன்றத்தைக் கேட்டால் எந்தப் பள்ளியும் எங்களை மூடுங்கள் என்று சொல்லாது. 94ம் அப்படியே நிற்கும், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். காசு எங்கிருந்து வரும்?

டீச்சரம்மா:
அப்போது மாநில அரசியல் சட்டமே வரி வருவாயில் 30 சதவீதம் கல்விக்கு என்றது. 2007ல் ஒரு சட்டம் போட்டு, ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியத்தையும் அந்த முப்பதுக்குள் எழுத வழிசெய்துகொண்டார்கள். 2020ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீங்கள்தான் கணக்கர், அந்தக் காசில் எத்தனை கூரை வேயலாம் என்று போட்டுப் பாருங்கள்.