நூறு நாள் வேலைக் கணக்கை ஊர் முன்னால் வாசித்தபோது

கிராம சபையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள், யாரும் பேசுவதில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பல ஊர்களில் அப்படித்தான். ஆனால் சமூகத் தணிக்கைக்காக எங்கள் ஊரில் கூடிய சபை வேறு மாதிரி நடந்தது.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அந்தத் திட்டத்தில் நடந்த வேலைகளை கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. சபைக்கு முன்னால் சில பெண்கள் வருகைப் பதிவேட்டின் நகலோடு வீடு வீடாக வந்தார்கள். அவர்களும் இதே வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண்கள்தான். வேலை அட்டையை வாங்கிப் பார்த்து, “இந்த வாரம் ஆறு நாள் போட்டிருக்கே, போனீங்களாக்கா?” என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். ஏரிக்கு வரும் கால்வாயில் இறங்கி டேப் பிடித்தார்கள். நீளம் கணக்கில் இருந்தபடியே இருந்தது, ஆழம்தான் இடித்தது.

சபையன்று பேரையும் நாளையும் கூலியையும் சத்தமாக வாசித்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எங்கள் தெரு அம்மா ஒருவர் எழுந்தார். “அந்த வாரம் மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். பணம் என் கணக்குலதான் ஏறுச்சு. எடுத்துக் குடுன்னாங்க, குடுத்தேன்” என்றார். அவ்வளவுதான், பின்னால் இருந்து இன்னும் இரண்டு மூன்று குரல்கள் வந்தன. “இதைத் தனியா பேசிக்கலாம்” என்று மேடையிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். பெண்கள் விடவில்லை. “தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க” என்று நின்றார்கள். எழுதினார்கள்.

இந்த முறைக்கு வழி காட்டியது ராஜஸ்தான். சமூக ஆர்வலர் அருணா ராய் உள்ளிட்டோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் ஊர் மக்கள் முன்னால் கணக்கை வாசித்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் அந்தப் போராட்டம்தான் வேர். படிக்கத் தெரியாதவருக்கும் தன் பேர் காதில் விழுந்தால் அந்தக் கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். அதனால்தான் வாசிப்பதைச் சடங்காக ஆக்க விடக்கூடாது என்கிறேன்.

—

பதில்: நல்ல அனுபவம். எங்கள் பக்கம் வந்த சிக்கல் வேறு. 2024 கடைசியில் செய்த வேலைக்கு மாதக்கணக்கில் கூலி ஏறவில்லை. சபையில் கேட்டால், மத்திய அரசிடமிருந்து நிதி வர வேண்டும் என்றார்கள். உண்மையும் அதுதான், தமிழ்நாடு முழுக்க அப்போது பாக்கி நின்றது. ஊராட்சித் தலைவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தாமதமானால் இழப்பீடு உண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. ஆகவே கூலியை இழப்பீட்டோடு சேர்த்துக் கேட்டுத் தீர்மானம் போடச் சொன்னோம். “இழப்பீடெல்லாம் எதுக்கு” என்று இழுத்தார்கள். அந்த வார்த்தை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றோம், சேர்த்தார்கள்.

—

முதல் பதிவர்: தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அடுத்த சபையில் முதல் வேலையாக அதையே வாசிக்கச் சொல்லுங்கள்.