ஹோட்டன் சமவெளியில் நேரில் கண்டவை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஹட்டனிலிருந்து:
நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மாவைக் கடந்த பெப்ரவரியில் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். பிறந்ததிலிருந்து மலையிலேயே வாழ்ந்தும் அவர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. இருட்டோடு வேனில் புறப்பட்டு, பட்டிப்பொல வழியாக ஏறி, விடியும் வேளையில் நுழைவாயிலை அடைந்தோம். அங்கே பைகளைச் சோதித்து, ரொட்டி சுற்றியிருந்த பொலித்தீனை அகற்றிய பின்னரே உள்ளே விட்டார்கள்.

வெயில் ஏறினால் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்து மலைவிளிம்பைப் பனிமூட்டம் மறைத்துவிடும் என்று வழிகாட்டித் தம்பி முன்கூட்டியே சொன்னார். ஆனாலும், அம்மாவின் முழங்கால் வலியை அறிந்து, எங்களை ஓரிடத்திலும் விரட்டவில்லை. சின்ன உலக முடிவைத் தாண்டிய காட்டுப் பாதையில் அம்மாதான் திடீரென்று நின்றார். பாசி படர்ந்த அடிமரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், மூக்கு நுனியில் கூரிய வெண்கொம்புடன் ஓர் ஓணான் ஒட்டியிருந்தது. கண் மட்டும் மெல்லச் சுழன்றதே தவிர, உடம்பில் அசைவே இல்லை. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் இல்லை என்று தம்பி விளக்கினார். அவர் கண்ணுக்கே தப்பியதை, முற்றல் இலைகளுக்கிடையே கொழுந்தைத் தேடிப் பழகிய கண் கண்டுபிடித்துவிட்டது.

உலக முடிவில் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். எல்லோரும் தெற்கே கடல் தெரிகிறதா என்று தேட, அம்மா கீழேயிருந்த தேயிலைத் தோட்டத்தையே பார்த்து, "இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்களோ" என்றார்.

பண்டாரவளையிலிருந்து:
நான் மாணவர்களுடன் சென்றிருந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் பெரிய ஆண் மரையொன்று, கொம்பில் பனித்துளி சொட்ட, எங்கள் வேன் கதவருகே வந்து நின்றது. பிள்ளைகளுக்கு அளவற்ற மகிழ்ச்சி. எனக்கோ அது மனத்தை வருத்தியது. சிறுத்தையை அஞ்சி வாழவேண்டிய விலங்கு பணிசுக்காக மனிதரிடம் வந்து நிற்பது, நம்மவர்கள் ஊட்டிப் பழக்கிய பழக்கம். உணவோடு பொலித்தீனையும் விழுங்கினால் அதன் வயிறு அடைபட்டுப்போகும். இதை வழிகாட்டி எடுத்துச் சொன்னதும், கையில் பணிசுடன் நின்ற மாணவன் அதைப் பைக்குள் வைத்து மூடினான். மரை சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் புல்வெளிக்குத் திரும்பியது. அங்கே அது தலை தாழ்த்தி மேய்ந்ததைத்தான் நாங்கள் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நானுஓயாவிலிருந்து:
பறவை பார்க்க விரும்புவோர், நுழைவாயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள சிறிய குளத்தருகே விடியுமுன் நிற்கவேண்டும். எங்கள் வழிகாட்டி டோர்ச்சை அணைக்கச் சொன்னார். கால் விறைக்கும் குளிரில் காத்திருந்தபோது, மெல்லிய கூரிய சீழ்க்கையொலி இருமுறை கேட்டது. பிறகு கரிய நீலத்தில் சீழ்க்கைப் பூங்குருவியொன்று நீரோரக் கிளையில் வந்தமர்ந்தது. இதுவும் நம் மலைநாட்டுக்கே உரியது. வெளிச்சம் பரவியதும் புதருக்குள் மறைந்துவிட்டது. அதன்பின் ஒலிகூடக் கேட்கவில்லை.