மறு: ‘கனெக்‌ஷன் ரீசெட்’: மீட்டமைப்பு அல்ல, முறிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

‘கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்’ என்ற கணினிப் பிழைச்செய்திக்கு நம் தமிழாக்க வரைவில் ‘எதிர்முனையால் இணைப்பு மீட்டமைக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறோம். இதை இப்படியே வெளியிடக் கூடாது. இங்கே காரைக்குடியில் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இந்த வரியைத் திரையில் படித்துவிட்டு, “இணைப்பைச் சரிசெய்துவிட்டதாம் அண்ணே, கொஞ்சம் பொறுத்தால் ஓடிவிடும்” என்று காத்திருந்தார். அவர் படித்ததில் தவறே இல்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம், இழந்த நிலத்தை மீட்கிறோம். மீட்டால் பொருள் கைக்கு வர வேண்டும். கடவுச்சொல்லுக்கும் கைப்பேசிக்கும் ‘மீட்டமைப்பு’ பொருந்துகிறது. இங்கே எதுவும் திரும்பி வரவில்லை, இணைப்பு செத்துவிட்டது. கணினிகள் இணைப்பு அமைத்துப் பேசும் டி.சி.பி. நெறிமுறைக்கு 1981இல் வந்த ஆர்.எஃப்.சி. 793 என்ற தர ஆவணம், அதன் இடத்துக்கு 2022இல் வந்த ஆர்.எஃப்.சி. 9293 இரண்டிலும் ஆர்.எஸ்.டி. கொடி (‘ரீசெட்’ என்று அறிவிக்கும் குறி) வந்தால், நிலைபெற்ற இணைப்பை அந்த நொடியே கைவிட வேண்டும் என்பதுதான் விதி.

எங்களை நெடுநாள் அலைக்கழித்த பிழையைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பது விளங்கும். நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் எங்கள் கருவி ஒரு மேகக்கணிமைச் சேவையின் உள்வலையில் ஓடுகிறது. வெளியில் உள்ள தரவுத்தளத்தோடு முதலிலேயே இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். தொகுப்பு முடிந்த பிறகுதான் அதில் பேசத் தொடங்கும். சிறிய தொகுப்புகள் ஒழுங்காக முடிந்துவிடும். பெரியவை மட்டும், எல்லாம் முடிந்து முதல் வினவலை அனுப்பும் கணத்தில் இந்தப் பிழையோடு விழும். செய்தி எதிர்முனையைக் கைகாட்டியதால் தரவுத்தளத்தின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு குறையும் இல்லை. அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே அது கணக்கு வைத்திருந்தது.

முறித்தது நடுவில் இருந்த, உள்வலை முகவரியை வெளிவலை முகவரியாக மாற்றும் வாயில் (நாட் கேட்வே). 350 நொடி ஒரு தரவுப் பொட்டலமும் போகாத இணைப்பை அது தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். அதன்பிறகு உள்ளிருந்து வரும் முதல் பொட்டலத்துக்கு ஆர்.எஸ்.டி. கொடியைத் திருப்பி அனுப்பும். கொடி வருவதோ தரவுத்தளத்தின் முகவரியைத் தாங்கி! வீட்டு முகப்பில் நிற்பவர், உள்ளே இரண்டாம் கட்டில் இருப்பவரைக் கேட்காமலே அவர் பெயரைச் சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்புவது போன்றது இது. லினக்ஸ் இயங்குதளமோ இயல்பான அமைப்பில் 7200 நொடி சும்மா கிடந்த பிறகுதான் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். அதுவும் நிரல் கேட்டுக்கொண்டால்தான். நிரலில் அதை இயக்கி, இடைவெளியை 60 நொடியாகக் குறைத்தோம். பிழை நின்றது.

ஆகவே ‘எதிர்முனையால்’ என்ற சொல்லும் போக வேண்டும். மூலத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் கொடி எதிர்ப்புறத்திலிருந்து வந்தது என்பது மட்டுமே. யார் அனுப்பினார் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததைத் தமிழில் உறுதியாகச் சொல்லி, பிழை தேடுகிறவரைத் தவறான வாசலில் நிறுத்துவானேன்?

நான் முன்வைப்பது ‘இணைப்பு முறிவு’. இதற்குத் தேவகோட்டையிலிருந்து ஐயா ஒருவர் எழுதிய தடை:

> முறி என்றால் எங்கள் பக்கம் பத்திரம். கடன்முறி, முறிச்சீட்டு என்று கொடுக்கல் வாங்கலில் புழங்கிய சொல். குழப்பம் வரும்.

மதிக்க வேண்டிய தடை. ஐந்தொகையும் பேரேடும் எழுதிய ஊர்க்காரர் சொல்கிறார். இலங்கையில் இன்றும் ‘திறைசேரி முறி’ அரசின் வழக்கு. ஆனால் நான் கேட்பது முறி அல்ல ஐயா, முறிவு. எலும்பு முறிவு, மண முறிவு, பேச்சுவார்த்தை முறிவு என்று நாளிதழில் படிக்கும் எவருக்கும் பத்திரம் நினைவுக்கு வராது.

‘துண்டிப்பு’ போதுமே என்றார் இன்னொரு நண்பர். அது நாமே இணைப்பை விடுவதற்கும் வழங்குகிறது. ‘டிஸ்கனெக்ட்’டுக்கு அதை ஒதுக்கி வைப்போம். இரு புறமும் ஃபின் கொடி (‘முடிந்தது’ என்று அறிவிக்கும் குறி) அனுப்பி முறையாக முடித்துக்கொள்வதற்கு ‘மூடல்’ இருக்கிறது. ‘டைம் அவுட்’டுக்கு வரைவில் உள்ள ‘நேரம் கடந்தது’ நன்றாகவே இருக்கிறது, தொட வேண்டாம்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ மட்டும் கவனிக்க வேண்டியது. நாம் தொடர்புகொள்ளும் கணினியில், கேட்ட எண்ணுள்ள துறையில் (போர்ட்) எந்த நிரலும் காத்திராதபோது, தொடக்கக் கோரிக்கைக்குப் பதிலாக வருவதும் பெரும்பாலும் இதே ஆர்.எஸ்.டி. கொடிதான். தொடக்கத்திலேயே வந்தால் மறுப்பு, இணைப்பு அமைந்த பிறகு வந்தால் முறிவு. எனவே கொடிக்கும் பிழைக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. முறிதல் தானாக நிகழ்வது, முறித்தல் ஒருவர் செய்வது. கொடி செயலைச் செய்கிறது, ஆகவே அது ‘முறிப்புக் கொடி’. பிழை நிகழ்ந்ததைச் சொல்கிறது, ஆகவே அது ‘இணைப்பு முறிவு’. திரையில் வரும் வரி ‘முறிக்கப்பட்டது’ என்று இருந்தால் யாரால் என்ற கேள்வி எழும். ‘முறிந்தது’ என்றால் யார்மீதும் பழி விழாது.

என் பரிந்துரை வரிகள்:

இணைப்பு முறிந்தது: எதிர்ப்புறத்திலிருந்து முறிப்புக் கொடி வந்தது.
இணைப்பு மறுக்கப்பட்டது.

இரண்டாவது வரியில் ‘மறுக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினை எனக்கு நிறைவாக இல்லை. நம் கணினியின் தீயரணே (ஃபயர்வால்) மறுத்தாலும் இதே வரிதான் வரும். இதைவிடப் பொருத்தமாக எழுத வழி தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.